விளையாட்டுக்குத்தான் சொன்னேன்

ஒருவர் முகம் சுருங்கிப்போன பிறகு, பேசியவர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் எது? "அட, விளையாட்டுக்குத்தான் சொன்னேன்!" அடுத்தது: "இதுக்கெல்லாம் கோவிச்சுக்கலாமா?" இந்த இரண்டையும் எத்தனை முறை சொல்லியிருப்போம், எத்தனை முறை கேட்டிருப்போம்? என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. விளையாட்டு என்கிறீர்களே, ஆட்டம் தொடங்கிவிட்டது என்பது எதிரே இருந்தவருக்கு எப்போது தெரிந்தது? ஆட வருகிறேன் என்று அவர் எப்போது சொன்னார்?

சொற்போர் நமக்குப் புதிதில்லை. வாது, எசப்பாட்டு, லாவணி, பட்டிமன்றம், கல்யாண வீட்டு ஏசல், டீக்கடைச் சவடால், விடுதி அறைக் கலாய்ப்பு என்று நாவால் ஆளை மடக்குவதில் தமிழனுக்குத் தனி ருசி. அந்த ருசியை நான் குறை சொல்ல வரவில்லை. கத்தி எடுத்த கையைத் தாழ்த்தி, வாயைத் திறக்கச் சொன்னது மனிதன் தனக்குத்தானே செய்துகொண்ட பெரிய சீர்திருத்தம். கிழக்குக் கிரீன்லாந்து இனுயிட் மக்களிடம், பகைகொண்ட இருவர் ஊர் கூடிய இடத்தில் தோல்கருவியைத் தட்டி, ஒருவரையொருவர் பாட்டிலேயே வசைபாடும் வழக்கம் இருந்தது. ஒருவர் பாடும்போது மற்றவர் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு அவர் முறை. ரத்தத்தில் முடியவேண்டிய பகை பாட்டில் முடிந்தது. இதை யார் குறை சொல்வார்?

ஆனால் அந்தப் பாட்டுக்காரர்களின் ஒழுங்கு நம்மிடம் இருக்கிறதா?

குண்டலகேசியை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெயரில் தமிழில் எழுந்த பெருங்காப்பியம் அழிந்துபோய் சில பாடல்கள்தாம் மிஞ்சின. அவள் கதையைப் பாலி மொழி உரைநூல்கள் விரிவாகச் சொல்கின்றன. தன்னை மலையுச்சிக்கு அழைத்துப்போய் நகைக்காகக் கொல்லப் பார்த்த கணவனைத் தள்ளிவிட்டுத் தப்பியவள். சமணத் துறவியாகித் தருக்கம் கற்றவள். ஊர் ஊராகப் போவாள். ஊர் வாயிலில் மணலைக் குவித்து, அதில் ஒரு நாவல் கிளையை நட்டுவிட்டு, பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளிடம் சொல்வாள்: என்னோடு வாதிட விரும்புகிறவர் இந்தக் கிளையை மிதிக்கட்டும். ஏழு நாள் காத்திருப்பாள். யாரும் மிதிக்கவில்லையென்றால் கிளையைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவாள்.

இந்த ஏற்பாட்டின் நாகரிகத்தைக் கவனியுங்கள். அறைகூவல் வெளிப்படையானது. மிதிப்பதா வேண்டாமா என்பது எதிராளியின் விருப்பம். யோசிக்க ஏழு நாள் அவகாசம். மிதிக்காமல் போகிறவனை அவள் துரத்திப்போய்ப் பட்டப்பெயர் சூட்டுவதில்லை. சாவத்தியில் புத்தரின் சீடர் சாரிபுத்தர் அந்தக் கிளையை மிதிக்கச் செய்தார். ஊர் கூடியது. முதலில் அவள் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொன்னார். பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னாள். கற்றுக்கொடுங்கள் என்று கேட்டாள். பௌத்தத் துறவியானாள்.

அவள் சமயம் மாறியதில் எனக்கு அக்கறை இல்லை. ஒரு மதத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனாள், அவ்வளவுதான். தோற்றவள் தலை குனியாமல் வெளியேற முடிந்ததே, அதைத்தான் பார்க்கிறேன். தோற்றவரைக் கற்றவராக்கி அனுப்பிய வாது அது. யாரும் அவளைப் பார்த்து "மூக்குடைந்ததா?" என்று கேட்டதாகக் கதையில் இல்லை.

இதற்கு நேர் எதிரே இன்னொரு வாதக் கதை நிற்கிறது. பெரியபுராணம் சொல்வது. மதுரையில் சமணருக்கும் திருஞானசம்பந்தருக்கும் வாது. அங்கே தருக்கத்தைத் தருக்கம் சந்திக்கவேயில்லை. ஏடுகளைத் தீயில் போட்டார்கள். எது வேகவில்லை என்று பார்த்தார்கள். வைகையில் விட்டார்கள், எது எதிரேறிப் போகிறது என்று பார்த்தார்கள். பதில் சொல்லவேண்டிய இடத்தில் நெருப்பும் தண்ணீரும் நடுவர்களாக உட்கார்ந்தன. தோற்றால் கழுவேறுவோம் என்ற பந்தயத்தின்படி எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டதாகச் சேக்கிழார் பாடுகிறார். சம்பந்தர் காலம் 7ஆம் நூற்றாண்டு. சேக்கிழார் பாடியது 12ஆம் நூற்றாண்டில். ஆய்வாளர் பலர் இதை நடந்த வரலாறாக ஏற்பதில்லை. நடக்கவில்லையென்றால் நல்லது. ஆனால் நடக்காத கொலையை வெற்றிச் சின்னமாகப் பாட்டில் பாடி, கோயில் ஓவியமாகத் தீட்டி, திருவிழாவில் நினைவுகூர்ந்து வந்த மனம் நடந்த உண்மைதானே? வாதத்தில் தோற்றவனுக்கு உயிர் எதற்கு என்று நினைக்கும் மனம் அது.

புலவர் உலகமும் பின்தங்கவில்லை. வில்லிபுத்தூரார் தோற்ற புலவரின் காதை அறுப்பாராம். ஒட்டக்கூத்தர் தலையையே வெட்டுவாராம். வழிவழிக் கதைகள்தாம். அவற்றைக் கேட்டு நாம் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் என் கவலை.

இனி, கதையல்லாத ஒன்று. 1943இல், கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்தபோது, அண்ணா சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் நேருக்கு நேர் வாதிட்டார். பிற்பாடு 'தீ பரவட்டும்' என்ற பெயரில் அது நூலானது. பொருளோ நெருப்பு. பக்தர்களின் நெஞ்சைச் சுடுகிற பொருள். ஆனாலும் இரண்டு தரப்பும் ஒரே மேடையில் ஏறின. ஒருவர் பேசியதை மற்றவர் கேட்டார். கேட்டவர் எழுந்து பதில் சொன்னார். தோற்றவர்களைக் கழுவேற்றிய கதையைப் பாடும் நூலைப் பற்றிய வாதம், ஒருவருக்கும் கீறல் இல்லாமல் நடந்து முடிந்தது. எந்தத் தெய்வமும் இறங்கிவந்து தீர்ப்புச் சொல்லவில்லை. கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் யோசித்தார்கள். அது போதாதா?

மாசி, பங்குனியில் காமன் பண்டிகை நடக்கும் ஊர்களில் லாவணி கேட்டவர்களுக்கு நான் சொல்வது இன்னும் எளிதில் விளங்கும். தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் வந்து ஊன்றிய கலை. சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி. எரியவில்லை என்று ஒரு கட்சி. இரவு முழுக்க டேப்பைத் தட்டிக்கொண்டு பாட்டிலேயே கேள்வி, பாட்டிலேயே பதில். மன்மதன் என்று ஒருவன் இருந்தானா என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றும்; அதை விடுங்கள். எதிர்க்கட்சி போட்ட முடிச்சை அவிழ்க்காமல் அடுத்த பாட்டுக்குப் போக முடியாது. முடிச்சை அவிழ்க்க வேண்டுமென்றால் அவன் பாடியதைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். எரிந்த கட்சிக்காரரும் எரியாத கட்சிக்காரரும் விடிந்ததும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அங்கே இருவர் கையிலும் டேப் இருந்தது. அதை மறக்காதீர்கள்.

இப்போது நம் வகுப்பறைக்கு வருவோம்.

எட்டாம் வகுப்பில் என்னோடு ஒருவன் படித்தான். அவனுக்குத் திக்குவாய். முதல் எழுத்து வராது. வந்துவிட்டால் மீதி சரளமாக ஓடும். கைப்பிடியைச் சுழற்றி டீசல் இன்ஜினைக் கிளப்பும்போது நாலைந்து முறை திணறிவிட்டுத்தானே ஓடும்? நான் அவனுக்குப் 'பம்புசெட்' என்று பெயர் வைத்தேன். வைத்தவன் நான்தான், வேறு யார் தலையிலும் போட மாட்டேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவனும் சிரித்தான். ஒரு வாரத்தில் பள்ளி முழுக்க அந்தப் பெயர் பரவியது.

அவன் பதிலுக்கு என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? சொல்ல வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே நிற்பான். அந்த நிற்றலே எங்களுக்கு அடுத்த சிரிப்பு. ஆயுதம் எதுவோ, அதைத் தூக்க முடியாதவன் மேல்தான் அந்த ஆயுதத்தை நான் வீசியிருக்கிறேன். சில வாரம் கழித்து ஒன்றைக் கவனித்தேன். வருகைப்பதிவு எடுக்கும்போது அவன் 'உள்ளேன் ஐயா' சொல்வதை நிறுத்திவிட்டான். கையை மட்டும் தூக்குவான். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று ஆசிரியர் அதட்டுவார். அப்போதும் சிரித்தோம். பத்தாம் வகுப்போடு அவன் பள்ளியை விட்டுப் போனான். என்னால்தான் போனான் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. வீட்டு வறுமையாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு வருடம் ஒரு பையன் தான் இருப்பதையே வாயால் சொல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். அதற்கு ஆதாரம் நானே.

"அவனும் சேர்ந்து சிரித்தானே!" என்று கேட்பீர்கள். நானும் அதைச் சொல்லித்தான் பல ஆண்டுகள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சிரிக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்ததுண்டா? சிரித்தால் ஒரு அடி. முகம் சுளித்தால் பத்து அடி. இந்தக் கணக்கைப் போடத் தெரியாத பிள்ளை உண்டா? அடிபட்டவன் சிரிப்பைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவர் கையால் கொலையுண்டார். அதன் பிறகு 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் அந்தச் சட்டம் அடி, உதையை மட்டும் சொல்லவில்லை. கேலி செய்வதையும் சேர்த்தது. அவமானமும் கூச்சமும் உண்டாக்குவதைச் சேர்த்தது. சட்டம் எழுதியவர்களுக்கு விளையாட்டு தெரியாதா? தெரிந்ததால்தான் எழுதினார்கள்.

அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின இளைஞர்கள் ஆடும் வசைப் போட்டியை ஆராய்ந்து 1972இல் எழுதினார். வெளியிலிருந்து பார்ப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். ஒருவன் அம்மாவை இன்னொருவன் இழுக்கிறான், அவன் இவன் அம்மாவை இழுக்கிறான். ஆனால் அந்தப் பையன்களிடம் கறாரான ஒழுங்கு இருந்தது. சொல்வது எல்லாருக்கும் பொய் என்று தெரிந்திருக்க வேண்டும். நடக்கவே முடியாத அளவுக்கு ஊதிப் பெருக்கியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் எதிராளி மறுக்க மாட்டான். அதைவிடப் பெரிய புளுகோடு திருப்பி அடிப்பான். சொல்லில் உண்மையின் வாடை வந்துவிட்டாலோ அவன் "அப்படி இல்லை" என்று மறுக்கத் தொடங்குவான். அந்த மறுப்போடு ஆட்டம் முறிந்தது. அதற்குமேல் அது வசை.

தெருப்பையன்களுக்குத் தெரிந்த இந்த ஒழுங்கு நமக்குத் தெரியவில்லை. நாம் உண்மையைத்தான் தேடிப் பிடிக்கிறோம். கறுப்பாக இருப்பவரைக் கறுப்பு என்கிறோம். பருமனாக இருப்பவர் பந்தியில் உட்கார்ந்தால் சாம்பார் வாளியைப் பார்த்துக் கண்ணடிக்கிறோம். முப்பத்தைந்து வயதுப் பெண்ணிடம் "எப்பம்மா எங்களுக்குச் சாப்பாடு?" என்கிறோம். பிள்ளையில்லாத தம்பதியிடம் "என்ன, இன்னும் விசேஷம் இல்லையா?" என்று சிரிக்கிறோம். அலுவலகத்தில் ஒருவர் நன்றாக ஆங்கிலம் பேசிவிட்டால், எந்த ஊர், எந்தத் தெரு என்று விளையாட்டாகவே விசாரிக்கிறோம். அந்த விசாரணை எங்கே போய் முடியும் என்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். இதில் எது பொய்? எது மிகை? எதற்கு அவர் பதில் சொல்ல முடியும்?

பதில் சொல்லும் உரிமை இந்த நாட்டில் எல்லாருக்கும் சமமாகக் கிடைத்ததா என்ன? பேரன் வயதுப் பையன் "டேய்" என்று கூப்பிட, வெள்ளைத்தலைக் கிழவர் "சாமி" என்று கைகட்டி நின்ற தெருக்கள் நம் ஊர்களில் இருந்தன. அந்தப் பழக்கம் முழுதாக ஒழிந்துவிட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வீர்களா? "எதிர்த்தா பேசுற?" என்ற இரண்டு சொல் ஆணவம் ஒருவரை ஆட்டத்திலிருந்தே தள்ளிவைத்தது. ஆட்டத்தில் இடமில்லாதவரை ஆட்டம் என்ற பெயரில் அடிப்பதற்கு என்ன பெயர்?

பெண்ணுக்கு என்ன நடந்தது? மடக்கிப் பேசும் ஆணுக்குச் சொல்லின் செல்வர், நாவலர் என்று பட்டம். அதே திறமை பெண்ணிடம் இருந்தால் வாயாடி. மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு பெண் வஞ்சி மாநகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரையும் தேடிப்போய், உன் கொள்கை என்ன என்று கேட்டு நிற்கிறாள். அந்தக் காப்பியத்தைப் பெருமையாகச் சொல்லும் வீட்டிலேயே மருமகள் ஒரு கேள்வி கேட்டால் வாய் நீளம். முறைமாமனுக்குக் கேலி பேச உரிமை உண்டு என்று முறை வைத்தோம். நல்லது, உறவு பார்த்துக் கேலி பேசியவர்கள் நம் பெரியவர்கள். மச்சானைப் பேசலாம், சம்பந்தியைப் பேசக்கூடாது என்று எல்லை தெரிந்திருந்தது. மச்சினியும் திருப்பிச் சாட்டையடி கொடுத்தாள். ஏசல் பாட்டில் மாப்பிள்ளை வீட்டாரைக் கிழித்துத் தொங்கவிட்டாள். ஆனால் அவளுக்குப் பிடிக்காத கேலியை நிறுத்தச் சொல்லும் உரிமையை எந்த முறை அவளுக்குத் தந்தது? "மாமன்தானே, சிரிச்சுட்டுப் போ" என்றுதானே சொல்லிக்கொடுத்தோம்?

பண்டிகை நாளில் தொலைக்காட்சிப் பட்டிமன்றம் பார்க்கிறோம். குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் நடுவராக இருந்து இலக்கியத்தையும் சமுதாயத்தையும் அலசிய மேடை அது. இரு அணிக்கும் சம நேரம். நேரம் கடந்தால் மணி. அந்த ஒழுங்கு இன்றும் இருக்கிறது. ஆனால் பாதி நேரம் அடி யார் மேல் விழுகிறது? வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனைவி மேல், அவள் சமையல் மேல், மாமியார் மேல். மேடையில் இல்லாதவருக்கு எந்த அணி? அவருக்கு எத்தனை நிமிடம்?

சினிமாவையும் சொல்லியாக வேண்டும். 'கரகாட்டக்காரன்' 1989இல் வந்தது. கவுண்டமணி – செந்தில் வாழைப்பழக் காட்சி இன்றும் சலிக்கவில்லை. ஏன்? திட்டும் அடியும் வாங்குகிறவர்தான் அங்கே ஜெயிக்கிறார். அவருடைய நிதானமான பதிலுக்கு முன்னால் அடிப்பவர் நொந்து விழுகிறார். இருவரும் ஆடினார்கள். பிறகு வந்த எத்தனையோ படங்களில் பருமனான ஒரு பெண்ணையோ, பல் எடுப்பான ஒருவரையோ கொண்டுவந்து நிறுத்தி, கதாநாயகனின் நண்பர் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போனார். அவர்களுக்கு வசனமே எழுதவில்லை. நாம் கைதட்டினோம்.

என் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பகுத்தறிவு பேசும் நாமும் இந்த நோய்க்கு வெளியே இல்லை. சாமி கும்பிடும் பாட்டியிடம் பத்துப் பேர் முன்னால் நாலு கேள்வி கேட்டு, அவர் விழிப்பதைப் பார்த்துச் சிரிப்பது பகுத்தறிவா? அவர் நாவல் கிளையை மிதித்தாரா? பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவிடாமல் வளர்க்கப்பட்டவர் அவர். கடவுள் என்ற கருத்தைக் கேள்வி கேளுங்கள், பின்னிப் பிரித்துப் போடுங்கள், கருத்துக்கு வலிக்காது. மேடை போட்டு அற்புதம் விற்கும் சாமியாரைக் கிழித்துப் போடுங்கள். அவருக்குப் பதில் சொல்ல ஒலிபெருக்கியும் ஆளும் பணமும் இருக்கின்றன. நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே, உன் அறிவைக் கொண்டு யோசி என்று கூட்டந்தோறும் சொன்னவர் பெரியார். எதிரே இருப்பவரையும் யோசிக்கத் தெரிந்தவராக மதித்த பேச்சு அது. நம் பேச்சில் அந்த மதிப்பு இருக்கிறதா?

"அப்படியானால் சிரிக்கவே கூடாதா? வாயைத் தைத்துக்கொள்ள வேண்டுமா?" வேண்டாம். சமமானவரோடு மோதுங்கள். மேலே இருப்பவரை, அதிகாரத்தில் இருப்பவரை, உங்களைவிட வாய் நீண்டவரைத் தேடிப்போய்ச் சீண்டுங்கள்; அதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு இல்லாத நாக்குதான் வகுப்பின் கடைசி பெஞ்சில் திக்கித் திணறுகிறவனைத் தேடுகிறது. திருப்பி அடிக்க முடிந்தவரோடு ஆடுவது ஆட்டம். முடியாதவரோடு ஆடுவது வேட்டை.

இந்த வேட்டையில் பேசுகிறவர் ஒருவர்தான். மீதி முப்பது பேர் என்ன செய்கிறார்கள்? சிரிக்கிறார்கள். மதுரையில் நெருப்பையும் தண்ணீரையும் நடுவராக வைத்ததாகக் கதை. நம் வகுப்பறையிலும் கல்யாணப் பந்தியிலும் அலுவலக வாட்ஸ்அப் குழுவிலும் நடுவர் நாம்தான். எவர் சொல்லுக்குச் சிரிக்கிறோமோ அவர் ஜெயித்துவிட்டார் என்று தீர்ப்பு எழுதுகிறோம். அன்று அந்த முப்பது பேரில் நாலு பேர் சிரிக்காமல் இருந்திருந்தால் 'பம்புசெட்' அன்றைக்கே செத்திருக்கும். என் பிழை பெரியது. அவர்கள் பிழை சிறியது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாளைக்கு உங்கள் முன்னால் யாரோ யாரையோ கலாய்க்கும்போது, சிரிப்பு வாய்வரை வந்த அந்த நொடியில், பேச்சு வாங்கியவர் முகத்தை ஒருமுறை பாருங்கள்.

உங்கள் தெருவிலோ அலுவலகத்திலோ வீட்டிலோ குறையைச் சொல்லிக் கூப்பிடப்படும் ஒருவர் கட்டாயம் இருப்பார். குட்டை, கட்டை, சொட்டை, செவிடன், அட்டக்கறுப்பு... எதுவோ ஒன்று. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் உங்களுக்குத் தெரியும். நாளை காலை அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.